புலியைக் காக்கும் மகஜர்

(சட்டக் கல்லூரி மாணவர்களும் வனத்துறைப் பயிற்சியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டுயிர்ப் பாதுகாப்பில் சட்ட அமலாக்கத்தின் பங்கு என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் துப்பாக்கியும் ஜீப்பும் இரவு ரோந்தும்தான் கண்முன் வரும். அவை எல்லாம் வேண்டும். இருந்தாலும் இன்று நான் அதிகமாகப் பேசப்போவது காகிதத்தைப் பற்றி. சம்பவ இடத்தில் உட்கார்ந்து எழுதும் மகஜர், கைப்பற்றிய பொருளின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை, ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதம், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் புகார். ஒரு விலங்கு காட்டில் உயிரோடு இருக்குமா என்பதை, நாம் நினைப்பதைவிட அதிகமாக, இந்தக் காகிதங்கள் தீர்மானிக்கின்றன. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் அந்தச் சட்டத்துக்குள் நின்று வேலை செய்தால் காட்டுயிர் பிழைக்கும். வெளியே போனால் காடும் கெடும், காட்டை ஒட்டி வாழும் மனிதரும் கெடுவார். இதுதான் என் கட்சி. இதற்கான சான்றுகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் சரிஸ்கா. ராஜஸ்தானில் ஆல்வார் மாவட்டத்தில் இருக்கும் புலிகள் காப்பகம். 2004ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 16 முதல் 18 புலிகள் இருப்பதாக வனத்துறை எழுதி வைத்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ஒரு புலிகூட இல்லை என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. மத்தியப் புலனாய்வுத் துறை உள்ளே போய் விசாரித்தது. சுனிதா நாராயண் தலைமையில் புலிகள் செயற்குழு ஒன்றை மத்திய அரசு அமைத்தது. எல்லாரும் கண்டுசொன்னது ஒன்றுதான்: புலிகளை ஒவ்வொன்றாக வேட்டையாடித் தோலும் எலும்புமாகக் கடத்தியிருந்தார்கள். அப்போதும் பதிவேட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. பொய்யாக எழுதிய காகிதம் புலியைக் கொல்லும் என்பதற்குச் சரிஸ்காவைவிடப் பெரிய சாட்சி நம் நாட்டில் இல்லை. ஆண்டுதோறும் உண்மைக் கணக்கை எழுதியிருந்தால், மூன்று புலி குறைந்தபோதே யாராவது மணியடித்திருப்பார்கள். 2008இல் ரண்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்து அந்தக் காட்டில் மறுபடியும் விட வேண்டியதாயிற்று.

சரிஸ்காவின் தோல்கள் எங்கே போயின என்று தேடிப் போனவர்கள் டெல்லியில் ஒரு பெயரில் போய் நின்றார்கள்: சன்சார் சந்த். காட்டுப் பக்கம் போகாமலே காட்டைக் காலி செய்த வியாபாரி. 2010இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து எழுதிய தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். முதன்முதலில் அவர் கைதானது 1974இல், 16 வயதில். அப்போது பிடிபட்டவை 680 தோல்கள். அதிலிருந்து 2005 வரை அவர்மீதும் அவருடைய கூட்டத்தின்மீதும் 57 வழக்குகள். ஒரு நாட்குறிப்பைக் கைப்பற்றியபோது, 2003 அக்டோபரிலிருந்து 2004 செப்டம்பர் வரைக்குள் 40 புலிகள், 400 சிறுத்தைகளின் கணக்கு அதில் இருந்தது. இவை எல்லாம் தீர்ப்பிலேயே இருக்கும் விவரங்கள்.

இதில் நான் நின்று பார்க்க விரும்பும் இடம் அந்த 57 என்ற எண். முப்பது ஆண்டுகள், 57 வழக்குகள், அதற்குப் பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. வழக்குப் போடுவதில் குறை இருக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. போட்ட வழக்கு நிற்கவில்லை. நின்றாலும் பத்து, பதினைந்து ஆண்டு இழுத்தது. இழுத்த காலமெல்லாம் ஆள் பிணையில் வெளியே இருந்து அடுத்த சரக்கை வாங்கினார். கடைசியில் அவரை விழவைத்த வழக்குகளில் ஒன்று மிகச் சிறியது. 2003 ஜனவரியில் சேதக் எக்ஸ்பிரஸ் ரயிலில் அட்டைப்பெட்டியோடு வந்த ஒருவரை பில்வாரா ரயில்வே போலீசார் பிடித்தார்கள். பெட்டியில் சிறுத்தைத் தோல். பெட்டி யாருக்குப் போகிறது என்பதை விடாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். கொண்டுவந்தவரின் வாக்குமூலத்தைத் தனியாக விடாமல், அதைத் தாங்கும் மற்றச் சான்றுகளையும் சேர்த்தார்கள். அஜ்மீரில் ரயில்வே வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் 2004இல் 5 ஆண்டு தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அந்தத் தண்டனை அசையாமல் நின்றது. பெரிய சோதனை, பெரிய குவியல், பத்திரிகையில் பெரிய படம் என்று போன வழக்குகள் பல. ஒழுங்காகச் செய்த ஓர் அட்டைப்பெட்டி வழக்கு, சங்கிலியின் மேல்முனையில் இருந்தவரைத் தொட்டது.

சரிஸ்காவின் அதிர்ச்சியில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2006இல் திருத்தி, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தையும் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவையும் உண்டாக்கினார்கள். இரண்டாவது அமைப்பு காவல், சுங்கம், வனம் மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர முயல்கிறது. ராஜஸ்தானில் கொன்ற புலியின் தோல் டெல்லியில் கைமாறி, நேபாளம் வழியாகத் திபெத்துக்குப் போகிறது என்றால், ஒரு வனச்சரகர் தன் எல்லைக்குள் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்?

திபெத் என்று சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2006 ஜனவரியில் ஆந்திரத்து அமராவதியில் காலசக்ர விழா நடந்தது. காட்டு விலங்குகளின் தோலை உடையில் வைத்துத் தைத்து அணிவதைக் கைவிடும்படி தலாய் லாமா அங்கே திபெத்தியர்களைக் கேட்டுக்கொண்டார். சில வாரங்களுக்குள் திபெத்தின் பல ஊர்களில் மக்கள் விலையுயர்ந்த தோலாடைகளைத் தெருவில் குவித்து எரித்தார்கள். வாங்குகிறவர் மனம் மாறினால் எவ்வளவு விரைவாகச் சந்தை சரியும் என்பதற்கு இது சான்று. அமலாக்கம் மட்டுமே போதும் என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

சரி, வழக்கு ஏன் நிற்பதில்லை? நம் பக்கத்து வனச்சரகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ரோந்துக்குப் போன வேட்டைத் தடுப்புக் காவலர்கள் சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்த சிறுத்தையைப் பார்க்கிறார்கள். அருகில் ஒருவர் பிடிபடுகிறார். அவரையும் கம்பியையும் வண்டியில் ஏற்றிச் சரக அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். மாலையில் ஆற அமர உட்கார்ந்து மகஜர் எழுதுகிறார்கள். சாட்சிகளாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதே காவலர்கள். கம்பியை ஒரு சாக்கில் போட்டு மூலையில் வைக்கிறார்கள், முத்திரை மறுநாள். ஆறு ஆண்டு கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்றே கேள்வி கேட்பார். மகஜரை எங்கே எழுதினீர்கள்? வெளிச் சாட்சி யாராவது உண்டா? இந்தக் கம்பிதான் அந்தக் கம்பி என்பதற்கு என்ன அத்தாட்சி? மூன்றுக்கும் பதில் இல்லை. அதற்குள் மகஜர் எழுதிய வனவர் வேறு கோட்டத்துக்கு மாறிப் போயிருப்பார். அவருக்கு அந்த நாளே நினைவில் இருக்காது. நீதிபதியைக் குறைசொல்லிப் பயனில்லை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதே வழக்கைச் சம்பவ இடத்திலேயே உட்கார்ந்து எழுதி, கிராம நிர்வாக அலுவலரையோ ஊர்க்காரர் இருவரையோ வரவழைத்துக் கையெழுத்து வாங்கி, கம்பி கட்டியிருந்த மரத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, அங்கேயே முத்திரை வைத்து, நீதிமன்றம் வழியாக மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால்? ஹைதராபாத்திலும் டேராடூனிலும் நல்ல மரபணு ஆய்வு வசதி இருக்கிறது. சமைத்த இறைச்சித் துண்டைக் கொடுத்தாலும் அது மானா ஆடா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் நாம் அனுப்பிய துண்டுதான் குற்றவாளியின் சட்டியில் இருந்த துண்டு என்பதை எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது மகஜர்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வனத்துறைக்குத் தந்திருக்கும் அதிகாரம் சாதாரணமானது இல்லை. 50ஆம் பிரிவு சோதனையிடவும் கைதுசெய்யவும் அனுமதிக்கிறது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர், குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவுசெய்யும் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கும். போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. வனத்துறை அலுவலர் அந்த விதிக்குள் வராமல் வெளியே நிற்கிறார். 57ஆம் பிரிவோ, கைவசம் வைத்திருந்தவரே அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்கிறது. முதல் அட்டவணையில் உள்ள விலங்கென்றால் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தபட்ச அபராதத்தை 25,000 ரூபாயாக உயர்த்தியது. இவ்வளவும் இருந்தும் வழக்குத் தோற்கிறது என்றால், சட்டத்துக்குப் பல் இல்லை என்று சொல்ல வழியில்லை. 55ஆம் பிரிவைக்கூடப் பலர் கவனிப்பதில்லை. காவல் நிலையம் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் மட்டும் போதாது. சட்டம் அதிகாரம் கொடுத்த அலுவலர் நீதிமன்றத்தில் முறையாகப் புகார் தர வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதாலேயே வீணான வழக்குகள் உண்டு.

இனி நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள், 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அந்த 21இல் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததன் விளைவு அது. 2001இல் பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்கு முன்பு கடல் அட்டை ராமநாதபுரம் கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில். வெள்ளை அட்டை, ராஜ அட்டை என்று பெயர் சொல்லிப் பிரித்து, குடலெடுத்து, வேகவைத்து, மணலில் புதைத்து, கழுவிக் காயவைத்துச் சீனத்துக்கு அனுப்பினார்கள். 1982இல், பதப்படுத்திய பிறகு மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும் அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று ஒரு விதி வந்தது. அது போதாமல் போயிற்று. கடலடி மணலைத் தின்று சுத்தமாக்கி வெளியே விடும் பிராணி அது. முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுத்தான் இனம் பெருக்குகிறது. அருகருகே நிறைய இருந்தால்தான் அவை சேரும். எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், மிஞ்சியவை உயிரோடு இருந்தும் குஞ்சு இல்லை. அதனால் தடையை நான் ஏற்கிறேன்.

ஆனால் அந்தத் தடையை அமல்படுத்தும் விதத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில், உரிமம் வாங்கிக்கொண்டால் கடலட்டை பிடிப்பது சட்டப்படியான தொழில். யாழ்ப்பாணத்துக் கரையில் பண்ணைகளே நடக்கின்றன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இங்கே குற்றமான சரக்கு, ஓர் இரவில் அங்கே போய் உரிமமுள்ள சரக்கோடு கலந்துவிட்டால் பிறகு பிரித்தறிய முடியாது. இந்தக் காரணத்தால்தான் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவின் எல்லைப் பிரிவுகளில் ஒன்று ராமநாதபுரத்தில் இருக்கிறது. வனத்துறை, கடலோரக் காவல் குழுமம், காவல்துறையின் கியூ பிரிவு, சுங்கம், கடலோரக் காவல் படை என்று ஐந்தாறு கைகள் அதே கரையில். வாரம் தவறாமல் செய்தி வருகிறது, இத்தனை கிலோ கடல் அட்டை பறிமுதல், இரண்டு பேர் கைது என்று. அந்த இரண்டு பேர் யார்? பெரும்பாலும் கூலிக்கு மூட்டை தூக்கியவரும் வண்டி ஓட்டியவரும். முன்பணம் கொடுத்தவர், வேகவைக்க இடம் கொடுத்தவர், அக்கரையில் வாங்குபவர் பெயர்கள் அந்தச் செய்திகளில் அரிதாகவே வருகின்றன. பில்வாராவில் அட்டைப்பெட்டியைப் பிடித்தவர்கள், யாருக்கு என்ற கேள்வியை விடாமல் கேட்டார்கள். நம் கரையிலும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கைப்பேசி அழைப்புகள், வங்கிக் கணக்கு, கிடங்கின் வாடகை ஒப்பந்தம் எல்லாம் சான்றுதான். கிலோக்கணக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் பறிமுதலால் கடலுக்கு லாபம் குறைவு.

வலையில் தானாக ஏறி வந்த அட்டையோடு நிற்கும் மீனவரின் நிலை வேறு. சட்டத்தில் வேட்டை என்பதன் பொருள் மிக விரிந்தது. பிடிப்பது, முயல்வது எல்லாம் அதில் அடங்கும். அந்த மீனவரையும் வேகவைக்கும் கொட்டகைக்காரரையும் ஒரே தட்டில் வைத்தால், அடுத்த முறை கொட்டகையைப் பற்றித் துப்புச் சொல்ல ஒருவரும் முன்வர மாட்டார்கள். இதற்குக் குஜராத் ஒரு வழி காட்டியது. அங்கே வேராவல் பக்கம் திமிங்கலச் சுறாவை எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001இல் அதுவும் முதல் அட்டவணைக்கு வந்தது. 2004இல் தொடங்கிய இயக்கத்தில் ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, அந்தச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகக் கருதச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். வலையை அறுத்து அதை விடுகிற மீனவருக்கு வனத்துறை வலைக்கான இழப்பீடு கொடுத்தது. விடுவிப்பதை மீனவரே படமெடுத்து ஆதாரமாகத் தரக் கேமராவும் கொடுத்தார்கள். இதுவரை 900க்கு மேற்பட்ட சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. அங்கே மீனவர் கையில் இருந்த படமே மகஜரின் வேலையைச் செய்தது. மண்டபத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் இப்படி ஒரு முறையை ஏன் கொண்டுவரக் கூடாது என்று நான் கேட்கிறேன்.

இப்போது பேசுவதற்கு வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனமரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தன. ஊரே சூறையானது. வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். குழந்தைகளோடு பெண்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், 269 அரசு ஊழியர்கள்மீது குற்றச்சாட்டு வந்தது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 126 பேர் வனத்துறையினர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

வனத்துறைப் பயிற்சியில் இருப்பவர்களே, இதைச் சொல்லி உங்களைத் தலைகுனியவைப்பது என் நோக்கமில்லை. ஆனால் வாச்சாத்தியை உங்கள் பாடத்திட்டத்தில் படிக்காமல் யாரும் சீருடை போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சந்தனமரத்தின் பெயரால் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, அந்த மலைகளில் எந்தத் தாய் வனக்காப்பாளரைப் பார்த்துத் துப்புச் சொல்வாள்? சட்டத்தை மீறிய அமலாக்கம் மனிதருக்குச் செய்வது பாவம். அதோடு காட்டின் கண்ணையும் காதையும் பிடுங்கிவிடுகிறது.

அதே காலத்தில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு மனிதர் வேலைசெய்தார். கர்நாடக வனத்துறையின் பி. ஸ்ரீனிவாஸ். சந்தனமரக் கடத்தல்காரன் வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில் போய் உட்கார்ந்து, மக்களுக்கு மருத்துவ உதவி செய்தார், மாரியம்மன் கோயிலைக் கட்டிக்கொடுத்தார், கூட்டத்தில் இருந்தவர்களைப் பேசிப் பேசிச் சரணடைய வைத்தார். 1991 நவம்பரில், சரணடையப்போவதாக வந்த சொல்லை நம்பி ஆயுதமில்லாமல் காட்டுக்குள் போனவரை வீரப்பன் தலையை வெட்டிக் கொன்றான். அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தது. கோபிநத்தத்து மக்கள் அவர் படத்தை இன்றும் தெய்வத்தோடு வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர் வழி தோற்றது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் உயிர்தான் போயிற்று. அதற்குப் பிறகு வீரப்பனைத் தேடிய பல ஆண்டுகளில் கூட்டு அதிரடிப்படை செய்த மீறல்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்து, 89 பேருக்கு இழப்பீடு தரச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு எச்சரிக்கை. 2023 பிப்ரவரியில் சத்தியமங்கலம் அருகே வட மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கூட்டம் புலித்தோலோடு பிடிபட்டது. செய்திகளில் அவர்களுடைய சமூகத்தின் பெயரே தலைப்பாக வந்தது. நான் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பைக் கொண்டே ஒருவரைக் குற்றவாளி ஆக்கியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது நம் மதுரைச் சீமையின் வரலாறு. புலியைக் கொன்றவர் யாராக இருந்தாலும் அவர்மீது சான்றோடு வழக்குப் போடுங்கள். அவர் பிறந்த கூட்டத்தின்மீது வழக்குப் போடாதீர்கள்.

எல்லாச் சாவும் கடத்தலால் வருவதும் இல்லை. அதே 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளி அருகே மூன்று பெண் யானைகள் வயலைச் சுற்றியிருந்த மின்கம்பியில் சிக்கிச் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றி நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த விவசாயிமீது வழக்கு வேண்டும்தான். ஆனால் அங்கே அமலாக்கம் சாவுக்கு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். மின் இணைப்பைச் சோதிக்கும் ஊழியரும் வனத்துறையும் சேர்ந்து மாதம் ஒருமுறை காட்டோரத்து வேலிகளைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது நல்ல செய்தி. பயிர்ச் சேதத்துக்கான இழப்பீடு விரைவாகக் கிடைக்கும் ஊரில் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியும் குறையும், திருட்டு மின்சாரமும் குறையும்.

சட்டத்தை மீறியவரையே காவலராக்கிய முன்மாதிரியும் உண்டு. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், 1990களில், லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்த இருபதுக்கு மேற்பட்டோரோடு வனத்துறை ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அவர்கள் தொழிலை விட்டுத் தங்களுக்குத் தெரிந்த தடங்களைச் சொன்னார்கள். அவர்கள்மீதிருந்த வழக்குகளைத் துறை கைவிட்டது. இன்று அவர்கள் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள், இரவு ரோந்தும் போகிறார்கள். கடத்தல்காரரின் பாதை எது என்று அந்தப் பாதையில் நடந்தவருக்குத்தானே தெரியும். நம் முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் இளைஞர்களின் அறிவும் அப்படிப்பட்டதுதான். மிதிபட்ட புல்லைப் பார்த்து எத்தனை பேர் எப்போது போனார்கள் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களில் பலருக்கு இன்னும் நிரந்தர வேலை இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறி நின்றால் குறுக்கு விசாரணையில் தடுமாறிப்போகிறார்கள், ஏனென்றால் ஒருவரும் அவர்களுக்கு நீதிமன்றம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்களை நிரந்தரமாக்குங்கள், சொல்லிக்கொடுங்கள். அரசு வழக்கறிஞரும் வாரத்தில் ஒருநாள் சரக அலுவலகத்துக்கு வந்து, புதிதாக எழுதிய மகஜர்களைப் பார்க்கட்டும்.

சட்ட மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். 55ஆம் பிரிவின்படி, அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் தரலாம். அதை எடுத்தவுடன் பயன்படுத்த வேண்டாம். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் மாவட்ட வனக் கோட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பதிவான காட்டுயிர்க் குற்ற வழக்குகள் எத்தனை, நீதிமன்றத்துக்குப் போனவை எத்தனை, தண்டனை எத்தனை, விடுதலை எத்தனை என்று கேளுங்கள். விடுதலையான ஒவ்வொரு வழக்கின் தீர்ப்பு நகலையும் வாங்குங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். மகஜர் எழுதியவரைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நீதிபதி எந்த வரியில் சந்தேகப்பட்டார் என்று இருவருமாகப் படியுங்கள்.